இன்னும் இல்லை, இனி இல்லை

ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே விலை கொடுத்து இரண்டு திறன்பேசிகள் வாங்கப்பெற்றன. ஒன்று என்னுடையது, மற்றொன்று எங்கள் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு வகுப்பை நடத்தும் இளம் ஆசிரியையினுடையது. நிறத்தைத் தவிர அவற்றிடையே வேற்றுமை இல்லை. அக்கருவிகளுக்குரிய புதிய மென்பொருட் பதிப்பு வெளிவந்துவிட்டது என்னும் செய்தி பரவிய மறுநாளே ஆசிரியையின் கருவி அதனைப் பெற்றுவிட்டது. “சார், உங்களுக்கு வந்துடுச்சா?” என்று அவர் கேட்டார். எனக்கு வரவில்லை.

அன்று மாலை என் கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, புதுப்பிப்பு உண்டா எனப் பார்க்கும் பொத்தானை அழுத்தினேன். ஒரு சிறு வட்டம் சிறிது நேரம் சுழன்றது. பின்னர், கருவியின் மென்பொருள் அண்மைய நிலையிலேயே உள்ளது என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் தோன்றிற்று. மறுநாளும் அவ்வாறே, அதற்கடுத்த நாளும் அவ்வாறே. இங்ஙனம் பத்தொன்பது நாட்கள் சென்றன. அப்பதிப்பில் எனக்கு இன்றியமையாதது யாது என்று யாரேனும் வினவியிருப்பின் நான் விடை கூறியிருக்க மாட்டேன். எனினும் நாள்தோறும் அழுத்தினேன். ஐம்பது வயதைக் கடந்த ஒரு தலைமையாசிரியர் காலைக் கூட்டத்துக்கு மணி அடிப்பதற்குள் ஒருமுறையும், மாலையில் கோப்புகளை மூடியபின் ஒருமுறையும் இதனைச் செய்தார் என்றால், அவ்வாக்கியத்தை அவர் எத்துணை முறை படித்திருப்பார் என்பதை அன்பர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பலமுறை படித்த எதனையும் ஆராயாமல் விடுதல் ஆசிரியத் தொழிலுக்கு ஒவ்வாது. செய்யுளில் ஒரு சொல் பாடபேதமானால் அதன்பொருட்டு ஆண்டுக்கணக்கில் வழக்காடும் மரபினர் நாம். நாளிதழில் ஓர் ஒற்று மிகாவிடின் மடல் எழுதுகிறோம். ஆனால் இந்த ஒற்றை வாக்கியத்தை, நம் வீட்டில், நம் கையில், நம் மொழியிலேயே படித்துவிட்டு ஒரு சொல்லும் கூறாமல் இருக்கிறோம். ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் நடைபெறும் கருவிகள் 300 கோடிக்கு மேற்பட்டவை என்று கூகுள் நிறுவனம் 2021இல் அறிவித்தது. அங்ஙனமாயின், உலகில் மிகப் பலரால் படிக்கப்படும் வாக்கியங்களுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறும், கருத்து மாறுவதில்லை. நான் ஆராய எடுத்துக்கொண்டது அக்கருத்தையே.

குற்றம் கூறுமுன் முறைமையை விளங்கிக்கொள்ள வேண்டும் அன்றோ? என் முதற்சினம் காத்திருக்க வைத்ததன்மீது எழுந்தது. அச்சினம் தவறானது என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்கிறேன்.

புதிய பதிப்பை எல்லாருக்கும் ஒரே வேளையில் அனுப்பிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 19-7-2024 வெள்ளிக்கிழமை சான்றாக நிற்கிறது. அன்று நம் நாட்டு நேரப்படி நண்பகல் 12 மணி 9 நிமிடத்துக்குக் கிரவுட்ஸ்டிரைக் என்னும் காப்பு மென்பொருள் நிறுவனம், விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அக்கோப்பில் பிழை இருந்தது. பிழையை உணர்ந்து பிற்பகல் 1 மணி 27 நிமிடத்துக்கு அதனை மீட்டுக்கொண்டார்கள். இடைப்பட்ட காலம் 78 நிமிடங்களே. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி வீழ்ந்தன என மைக்ரோசாப்ட் கணித்தது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்ய நேர்ந்தது. மருத்துவமனைகளும் வங்கிகளும் உலகெங்கும் இடருற்றன. அந்நிறுவனமே பின்னர், இனி இத்தகைய கோப்புகளையும் படிப்படியாகவே அனுப்புவோம் என்று அறிவித்தது. திறன்பேசி உலகிலும் இதன் சிறு வடிவம் முன்னரே நிகழ்ந்ததுண்டு. 24-9-2014 அன்று ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 8.0.1 என்னும் பதிப்பு, அப்பொழுது புதிதாக வந்திருந்த ஐபோன் 6, 6 பிளஸ் கருவிகளில் தொலைபேசித் தொடர்பையே அறுத்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதனை மீட்டனர். அதற்குள் பாதிக்கப்பட்ட கருவிகள் 40,000க்கும் குறைவு என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. தொலைபேச இயலாத தொலைபேசி! மறுநாள் திருத்தப்பட்ட பதிப்பு வந்தது.

ஆகவே, சிறிது சிறிதாக அனுப்பிப் பார்த்தல் அறிவுடைமையே. அதன் உள்முறையை ஆண்ட்ராய்டுக் குழுவின் பொறியாளராக இருந்த டேன் மோரில் என்பவர் 2013 நவம்பரில் பொதுமக்களுக்கு விளக்கினார். முதலில் நூற்றுக்கு ஒரு கருவிக்கு மட்டும் அனுப்புவார்களாம். ஒரு நாளோ இரண்டு நாளோ பொறுத்து, பழுதுச் செய்திகள் திரும்பி வருகின்றனவா எனக் கவனிப்பார்களாம். கேடு ஏதும் இல்லையெனில் நூற்றுக்கு இருபத்தைந்து, ஐம்பது, நூறு என விரிவாக்குவார்களாம். இந்த ஒன்றும் இருபத்தைந்தும் குலுக்கலால் அமைவன. கருவி தானே நிறுவனத்தின் கணினியை அணுகி, “எனக்கு ஏதேனும் உண்டா?” என்று கேட்கிறது, அங்கே சீட்டுக் குலுக்கியதுபோல் ஆம் என்றோ இல்லை என்றோ விடை வருகிறது. இல்லை என்று வந்துவிட்டால், அடுத்த படி திறக்கும் வரை எத்துணை முறை பொத்தானை அழுத்தினாலும் அக்கருவிக்கு மறு குலுக்கல் கிடையாது. பொறுமை இழந்தோர் சிலர், கருவியின் உட்பகுதியில் உள்ள ஒரு சேவையின் தரவுகளை அழித்து ஏமாற்று வழியில் பதிப்பைப் பெற முயன்றனர். அதனால் கருவியின் அடையாள எண்ணே மாறி வேறு செயலிகள் பழுதுறும், செய்யாதீர் என்று எச்சரிப்பதற்காகவே அவர் அவ்விளக்கத்தை எழுதினார்.

இதனைப் படித்தபொழுது எனக்கு நகைப்பே வந்தது. என்னை? நான் நாளைக்கு இருமுறை அழுத்திய பொத்தான், அந்நாளைய முறைப்படி, எதனோடும் இணையாத பொத்தான்! 2017இல் கூகுள் தான் நேரே அனுப்பும் பதிப்புகளுக்கு இதனை மாற்றி, பொத்தானை அழுத்துவோருக்கு உடனே தரும்படி செய்தது. ஆயினும் பல நிறுவனங்களின் கருவிகள் தத்தம் வழியிலேயே செல்கின்றன. கூகுள் எழுதியதைச் சில்லு செய்வோர் தம் சில்லுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். கருவி செய்வோர் தம் கருவிக்கு ஏற்பத் திருத்த வேண்டும். சில நாடுகளில் தொலைபேசிச் சேவை நிறுவனமும் சோதித்து ஒப்ப வேண்டும். இத்துணை வாயில்களையும் கடந்த பின்னரே குலுக்கல் தொடங்குகிறது.

ஆப்பிளின் வழி வேறு. அதன் மென்பொருட் பிரிவுத் தலைவர் கிரேக் ஃபெடரிகி 2022இல் ஒருவர் வினாவுக்கு அளித்த விடையிலிருந்து அது வெளிப்பட்டது: தாமே அமைப்புப் பக்கத்தைத் திறந்து தேடுவோருக்கு முதலிலேயே பதிப்புக் கிடைக்கும், தானாக வரட்டும் என்று விட்டிருப்போருக்கு ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குப் பின்னர் வந்து சேரும். இவ்விரண்டனுள் எது சிறந்தது? சோதனை முறை என்ற அளவில் குலுக்கலே சிறந்தது என்பேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்பித்ததை நினைவுகூர்க: ஒரு வினாத்தாளைச் சோதித்துப் பார்க்க முதல் வரிசை மாணவரை மட்டும் தேர்ந்தால் அச்சோதனையால் பயனில்லை, எல்லா வரிசைகளிலிருந்தும் கலந்தெடுக்க வேண்டும். ஆனால் நேர்மை என்ற அளவில் ஆப்பிளின் வழியே எனக்கு உவப்பானது. முன்வந்து கேட்பவன் இடரையும் ஏற்கிறான். குலுக்கலில் விழுந்தவனோ தான் சோதனைக்கு உள்ளாகிறான் என்பதையே அறியான். எங்கள் ஆசிரியையும் அறிந்திலர். தமக்கு நற்பேறு வாய்த்தது என்றே எண்ணியிருந்தார்.

நிற்க. காத்திருத்தல் நமக்குப் புதிதன்று. பழைய தோட்டங்களின் பெரட்டுக் களத்தைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்பர். கங்காணி பெயர்களைக் கூப்பிடுவார். இன்னார் இன்ன நிரைக்குச் செல்க என்பார். பெயர் கூப்பிடப்படாதவன் தனக்கு இன்று வேலை இல்லை என்பதைக் காதால் கேட்டுத் திரும்பினான். அது கொடுமையாக இருக்கலாம், ஆனால் பொய்யன்று. “நீதான் ஏற்கெனவே வேலையில் இருக்கிறாயே!” என்று எந்தக் கங்காணியும் அவனிடம் சொல்லவில்லை.

பள்ளியிலும் அவ்வாறே. தொடக்கப்பள்ளிக்கான புதிய கலைத்திட்டம் 1982இல் சில பள்ளிகளில் மட்டும் சோதிக்கப்பட்டது. 1983இல் நாடெங்கும் முதலாம் ஆண்டில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக மேலேறியது. 2011இல் வந்த கே.எஸ்.எஸ்.ஆரும் அம்முறையே முதலாம் ஆண்டில் தொடங்கி 2016இல் ஆறாம் ஆண்டை எட்டியது. திறன்பேசிக்காரர்கள் இன்று செய்யும் படிப்படி வேலையை நம் கல்வி அமைச்சு அன்றே செய்துவிட்டது என்க. ஒரு வேறுபாடு உண்டு. சோதனைப் பள்ளிகள் தாம் சோதனைப் பள்ளிகள் என்பதை அறிந்திருந்தன. மற்றவை தமக்கு எந்த ஆண்டில் வரும் என்பதை அறிந்திருந்தன. பழைய நூலைக் கையில் வைத்திருந்த மாணவனிடம், உன் நூலே நாட்டில் மிகப் புதியது என்று எவரும் கூறவில்லை.

இனி வாக்கியத்துக்கு வருவோம்.

புதுப்பிப்பைக் குறிக்க நம்மிடையே மூன்று சொற்கள் வழங்குகின்றன. புதுப்பித்தல் என்பது நமக்குச் சாலை வரியையும் ஓட்டுநர் உரிமத்தையும் நினைவூட்டும் சொல். அங்கே பொருள் மாறுவதில்லை; நாள் மட்டும் நீள்கிறது. மென்பொருளிலோ பொருளே மாறுகிறது. மேம்படுத்தல் என்பது வாக்குறுதியை உள்ளடக்கிய சொல்; வந்தது மேம்பாடுதானா என்பது வந்த பின்னரே தெரியும் என்பதை 8.0.1 பெற்றவர்கள் சொல்வார்கள். மூன்றாவது இற்றைப்படுத்தல். இற்றை என்பது இன்றைய என்னும் பொருளுடைய பழஞ்சொல். அற்றை என்பதன் இணை. மலாய்மொழியார் கெமாஸ் கினி என்பதில் கினி எவ்வாறு இப்பொழுது என்னும் காலத்தைத் தாங்கி நிற்கிறதோ, அவ்வாறே இதில் இற்றை நிற்கிறது. மூன்றனுள் இதுவே கருத்துக்கு மிகப் பொருந்தியது என்பது என் துணிபு. இடர் ஒன்றே: இச்சொல்லைக் கேட்ட எங்கள் மாணவன் ஒருவன், கயிறு இற்றுப்போவதை நினைத்துக்கொண்டு, “போன் இத்துப்போச்சா சார்?” என்று வினவினான். இறுதலும் இற்றையும் வேறு வேறு என விளக்க எனக்கு அரைப் பாடவேளை சென்றது. எனினும் அது வீணான அரைப் பாடவேளையன்று.

சொல் எதுவாயினும் ஆகுக. ‘இற்றை’ என்று சொன்னால் எந்த இற்றை என்னும் வினா உடன் எழும். அவ்வினாவுக்கு அவ்வாக்கியத்தில் விடை இல்லை. கருவி உண்மையில் அறிந்தது மிகச் சிறிது: கேட்டது, தரப்படவில்லை. அதாவது “உனக்கு இல்லை” என்பதே அது பெற்ற விடை. அதனை நம்மிடம் கூறும்பொழுது “உனக்கு” என்பதை விட்டுவிடுகிறது. “இல்லை” என்பதை “எல்லாம் உள்ளது” என்று திருப்பிவிடுகிறது. எதிர்மறை உடன்பாடாகிறது. இப்பிழையை ஒரு மாணவன் கருத்துணர்தல் பகுதியில் செய்தால் நாம் மதிப்பெண் வழங்குவோமா?

இன்னும் நுணுகி நோக்கின், ஒரே வாக்கியத்தின் கீழ் வெவ்வேறான நிலைகள் மறைந்திருப்பது தெற்றென விளங்கும். உலகில் எங்கும் புதிதாக ஒன்றும் வெளிவரவில்லை எனின், அது வெறும் “இல்லை.” வெளிவந்துவிட்டது, எனக்குக் குலுக்கல் விழவில்லை, அல்லது என் கருவிக்குரியது இன்னும் ஆயத்தமாகவில்லை எனின், அது “இன்னும் இல்லை.” என் கருவி பழையதாகிவிட்டது, அதனைச் செய்தவர் அதனைக் கைவிட்டுவிட்டார், இனி எக்காலத்தும் ஒன்றும் வாராது எனின், அது “இனி இல்லை.” இல்லை, இன்னும் இல்லை, இனி இல்லை: இவற்றின் வேற்றுமையை முதலாம் ஆண்டுக் குழந்தை அறியும். சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் இன்னும் வரவில்லை என்றால் காத்து நிற்கும். இனி இல்லை என்றால் ரொட்டி வாங்கிக்கொண்டு போகும். குழந்தைக்குத் தெரிந்ததைக் கருவி சொல்ல மறுக்கிறது. மறுப்பதோடு நில்லாமல், மூன்றுக்கும் பொதுவாக ஒரு நற்சான்றிதழும் வழங்குகிறது.

என்னைப் போன்றோருக்கு இதனால் நேர்வது பத்தொன்பது நாள் அலுப்பே. அதன்பொருட்டு இக்கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

2024ஆம் ஆண்டில் ஓர் இரவு, பள்ளிக்கு நீர் வழங்கும் குழாய் உடைந்தமையால் மறுநாள் பள்ளி இல்லை என்று, வகுப்பு அறிவிப்புகளுக்கு நாங்கள் பயன்படுத்திவந்த செயலியில் செய்தி அனுப்பினோம். மறுநாள் காலை ஒன்பது மணியளவில் காவலர் என்னை அழைத்தார். இரண்டாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன், பூட்டிய வாயிலின் முன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏழு மணியிலிருந்து அமர்ந்திருந்தான். தாயார் செம்பனைத் தோட்ட வேலைக்கு ஐந்தரை மணிக்கே போய்விடுபவர். பிள்ளை தானே நடந்து வந்திருந்தான். எவரையும் காணாமையால் மணி அடிக்கும் வரை காத்திருக்க எண்ணியிருக்கிறான்.

மாலையில் அந்த அம்மையார் பதறிக்கொண்டு வந்தார். அவருடைய திறன்பேசி அண்ணன் பயன்படுத்திக் கொடுத்த பழைய கருவி. சில வாரங்களாகவே அச்செயலி திறக்கவில்லை. கருவியின் மென்பொருளைப் புதுப்பித்த பின் வருக என்று கூறி நின்றுவிட்டது. அவரும் கருவியின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று பொத்தானை அழுத்தினார். கருவியோ தான் அண்மைய நிலையில் இருப்பதாகக் கூறியது. செயலி போ என்கிறது. கருவி வேண்டா என்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு தாய். “சார், நானும் தெனம் அழுத்திப் பார்க்குறேன். எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு போடுது. நான்தான் எதையோ தட்டிக் கெடுத்துட்டேன் போல,” என்றார்.

“இல்லம்மா, நீங்க ஒன்னும் கெடுக்கல,” என்று கூறி, கருவியை வாங்கிப் பார்த்தேன். ஆண்ட்ராய்டுக் கருவிகளில், 2015இல் வந்த 6.0 பதிப்பு முதலாக, கருவியைப் பற்றிய பக்கத்தில் பாதுகாப்புத் திருத்தத்தின் நாள் குறிக்கப்பட்டிருக்கும். 2015 ஆகஸ்டு முதல் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டு வருகிறது. அக்கருவி எந்த மாதம்வரை திருத்தங்களைப் பெற்றுள்ளது என்பதை அந்நாள் காட்டும். அம்மையாரின் கருவியில் இருந்தது 2018ஆம் ஆண்டு. ஒரே கருவியில், இரண்டு பக்கங்களுக்கு இடையில், ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு வாக்கியங்கள். ஏட்டுச்சுவடியில் இத்தகைய முரண்பாடு கண்டால் பதிப்பாசிரியர்கள் இரண்டனுள் ஒன்று இடைச்செருகல் என்பார்கள். எது இடைச்செருகல் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. அக்கருவிக்கு உரியது “இனி இல்லை.” ஆறாண்டுகளாக அது அதனைச் சொல்லாமல் இருந்தது. சொல்லாமையால் அவர் தம்மையே குற்றவாளியாக்கிக்கொண்டார்.

எழுதப்பட்ட சொல்லின்மீது நம் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அம்மையார் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவர். எழுத்தில் இருப்பது மெய் என்று அவருக்குக் கற்பித்தவர்கள் நாமே. கருவியைத் தமிழில் வைத்திருந்தவரும் அவரே. பட்டம் பெற்ற எங்கள் ஆசிரியர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். (இதனை எழுதவேண்டாம் என்று ஓர் ஆசிரியர் கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன்.)

பொதுமக்களுக்கு இவ்வளவு நுணுக்கம் விளங்காது, அதனாலேயே எளிமையாக்கினார்கள் என்று கூறுவார் உளர். இவ்வாதம் நில்லாது. 2020 மே மாதப் பதிப்பைப் படிப்படியாக வெளியிட்டபொழுது, விண்டோஸ் கணினிகளில் மைக்ரோசாப்ட் காட்டிய அறிவிப்பை நான் கண்டேன்: பதிப்பு வந்துகொண்டிருக்கிறது, உங்கள் கணினி இன்னும் அதற்கு ஆயத்தமாகவில்லை, ஆயத்தமானதும் இப்பக்கத்திலேயே தோன்றும், இப்பொழுது நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். நான்கே செய்திகள். படித்தவர் பொத்தானை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம். அந்நிறுவனத்தின் மென்பொருளைப் பற்றி எனக்கு வேறு குறைகள் உண்டு; இந்த அறிவிப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. திறன்பேசி செய்வோருள்ளும் சிலர், ஆதரவு முடிந்த கருவிகளில் அதனைத் தெரிவிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே சொல்ல இயலாது என்பதற்கில்லை, பலர் சொல்வதில்லை.

ஏன் சொல்வதில்லை? பழைய கருவியைக் கைவிட்டோம் என்று அறிவிப்பது விற்பனைக்கு அழகன்று என எண்ணுகிறார்கள் போலும். சட்டம் தலையிட்ட இடங்களில் நிலைமை சிறிது மாறியுள்ளது. பிரித்தானியாவில் 29-4-2024 முதல், எக்காலம்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரப்படும் என்பதைக் கருவி செய்வோர் வெளியிட்டாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 20-6-2025 முதல், ஒரு கருவியின் விற்பனை நின்ற பின்னரும் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு அதற்கு இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்குமாறு செய்யவேண்டும் என்னும் விதி நடப்புக்கு வந்தது. 2023இல் பிக்சல் 8 கருவிக்குக் கூகுளும், 2024இல் கேலக்சி எஸ்24 கருவிக்குச் சாம்சங்கும் ஏழாண்டு என்று முன்னரே வாக்களித்தன. நன்று. ஆனால் அவை விலையுயர்ந்தவை. எங்கள் பெற்றோர் கையில் இருப்பவை அண்ணன் கொடுத்தவையும் தவணையில் வாங்கியவையும். அவற்றின் ஆண்டுக் கணக்கு எந்தப் பெட்டியின்மீதும் அச்சாகவில்லை.

தமிழாசிரியர்களுக்கு இதில் தனியான தொடர்பும் உண்டு. நம் முன்னோர் கணக்கில் வழங்கிய முந்திரி, காணி, மா முதலிய கீழ்வாய் இலக்கக் குறிகளை உள்ளிட்ட 51 குறியீடுகள் 2019 மார்ச்சில் யூனிகோடு 12.0 பதிப்பில் சேர்க்கப்பட்டன. அன்றுமுதல் அவற்றுக்கு உலகக் கணினிகளில் இடம் உண்டு. ஆனால் திறன்பேசியின் எழுத்துரு பெரும்பாலும் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருவது. எழுத்துரு வராத கருவியில் முந்திரிக்குப் பதிலாக ஒரு வெற்றுக் கட்டமே தோன்றும். நான் அனுப்பிய பாடக்குறிப்பைத் திறந்த ஆசிரியர் ஒருவர், “சார், நீங்க கட்டம் கட்டமா அனுப்பியிருக்கீங்க,” என்றார். அவர் கருவியும் தான் அண்மைய நிலையில் இருப்பதாகவே கூறியது.

மென்பொருளைத் தமிழாக்கும் அன்பர்கள்மீது இக்குறையைச் சுமத்துதல் நேர்மையன்று. மூலத்தில் இருப்பதை அவர்கள் பெயர்க்கிறார்கள், மூலமே பிழையுடையது. ஆயினும் தமிழில் வரும்பொழுதேனும் திருத்தமாக வரலாமே என்னும் ஆசையால், மூன்று வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன். முறை வராத கருவிக்கு: “புதிய பதிப்பு வெளிவந்துள்ளது. படிப்படியாக அனுப்பப்படுகிறது. உங்கள் முறை இன்னும் வரவில்லை.” ஆயத்தமாகாத கருவிக்கு: “புதிய பதிப்பு வெளிவந்துள்ளது. உங்கள் கருவிக்குரியது இன்னும் ஆயத்தமாகவில்லை.” கைவிடப்பட்ட கருவிக்கு: “இக்கருவிக்கு இனிப் புதுப்பிப்பு வாராது. கடைசியாக வந்த நாள் இது,” என்று கூறி நாளைக் குறிக்க வேண்டும். இவற்றை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் காட்டி, ஒவ்வொன்றையும் படித்தபின் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதல் இரண்டுக்கும் “காத்திருப்போம்” என்றார்கள். மூன்றாவதற்கு ஒரு சிறுமி, “அம்மாகிட்டச் சொல்லி வேற போன் பார்க்கச் சொல்வேன் சார், அதுவரைக்கும் பக்கத்து வீட்டு அக்கா நம்பரைப் பள்ளியில கொடுத்து வைப்பேன்,” என்றாள். அந்த யோசனையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். செயலி இயங்காத வீடுகளுக்கு இப்பொழுது அண்டை வீட்டு எண் ஒன்று எங்கள் பதிவேட்டில் உண்டு. அவசர அறிவிப்புக்குக் குறுஞ்செய்தியும் அனுப்புகிறோம்.

இருபதாம் நாள் விடியலில் எழுந்து பார்த்தபொழுது, இரவோடு இரவாக என் கருவிக்கும் புதிய பதிப்பு வந்து சேர்ந்திருந்தது. திரையின் மேலிருந்த கடிகாரம் சிறிது பெரிதாகியிருந்தது. வேறு மாற்றம் ஒன்றும் என் கண்ணுக்குப் படவில்லை. பழக்கத்தால் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுழன்றது. முந்தைய பத்தொன்பது நாட்களிலும் தோன்றிய அதே வாக்கியம், ஓரெழுத்தும் மாறாமல் தோன்றிற்று.